பி.டி.எஸ்.டி. கோச் செயலியை மாதக்கணக்கில் பயன்படுத்துவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பி.டி.எஸ்.டி. என்று எதைச் சொல்கிறார்கள்?

உயிருக்கு ஆபத்தான ஒன்றைச் சந்தித்தவர்களுக்கும் கண்ணால் பார்த்தவர்களுக்கும் பிறகு வரக்கூடிய மனப் பாதிப்பு இது. ஆங்கிலத்தில் Post-Traumatic Stress Disorder என்பதன் சுருக்கம். போர், சாலை விபத்து, வெள்ளம், பாலியல் வன்முறை என எதுவும் காரணமாக இருக்கலாம். ஈழத்து மருத்துவ எழுத்தில் வழங்கும் ‘மனவடு’ என்ற சொல் இதற்கு நன்றாகப் பொருந்தும். நடந்து முடிந்த முதல் சில வாரங்கள் தூக்கம் கெடுவதும், சத்தம் கேட்டால் தூக்கிவாரிப்போடுவதும் யாருக்கும் வரக்கூடியவை. ஒரு மாதம் தாண்டியும் அவை விடாமல் இருந்து, வேலையையும் குடும்பத்தையும் பாதித்தால் பி.டி.எஸ்.டி.யா என்று பார்க்க வேண்டும்.

அறிகுறிகளை நான்கு வகையாகப் பிரிப்பார்கள். வேண்டாமென்றாலும் நினைவும் கெட்ட கனவும் வருவது ஒன்று. அதை நினைவுபடுத்தும் இடத்தையும் பேச்சையும் ஒதுக்குவது இரண்டாவது. தன்மேலும் உலகத்தின்மேலும் நம்பிக்கை போய் மனம் மரத்துப்போவது மூன்றாவது. எப்போதும் உஷாராக, எரிச்சலாக, தூங்காமல் இருப்பது நான்காவது. செயலியில் வரும் கேள்விகளும் இந்த நான்கைச் சுற்றியே இருப்பதால், உங்களுக்கு எது அதிகம் என்று தெரிந்துகொண்டு தொடங்குவது நல்லது.

பி.டி.எஸ்.டி. கோச்சை யார் செய்தார்கள்? காசு உண்டா?

அமெரிக்க முன்னாள் படைவீரர் நலத் துறையின் தேசிய பி.டி.எஸ்.டி. மையமும் அந்நாட்டுப் பாதுகாப்புத் துறையும் சேர்ந்து 2011-இல் வெளியிட்டன. ஈராக், ஆப்கானிஸ்தான் போர்களிலிருந்து திரும்பியவர்களை மனதில் வைத்து உருவானது என்றாலும் படைவீரர்கள்தான் பயன்படுத்த வேண்டும் என்றில்லை. ஐபோன், ஆண்ட்ராய்டு இரண்டிலும் இலவசம். விளம்பரம் கிடையாது, கணக்குத் தொடங்கவும் வேண்டாம். கனடா, ஆஸ்திரேலியா, சுவீடன், ஜெர்மனி, நெதர்லாந்து ஆகிய நாடுகள் தங்களுக்கேற்ற பதிப்புகளையும் செய்துகொண்டன. அந்த நாடுகளில் இருக்கும் தமிழர்கள் உள்ளூர்ப் பதிப்பு கிடைத்தால் அதையே போட்டுக்கொள்ளுங்கள். உதவி எண்கள் அந்த ஊருக்குரியவையாக இருக்கும்.

பதிவிறக்கும்போது வெளியீட்டாளர் பெயரைப் பாருங்கள். இதே மாதிரிப் பெயரில் வேறு செயலிகளும் கடையில் உண்டு. முதல் திரையிலேயே சந்தா கேட்டால் அது இது இல்லை.

திறந்தால் என்ன இருக்கும்?

நான்கு பகுதிகள்: பி.டி.எஸ்.டி. பற்றித் தெரிந்துகொள்ள, அறிகுறிகளை அளக்க, அறிகுறி வந்த நேரத்தில் சமாளிக்க, உதவி தேட.

நீங்கள் அதிகம் தொடப்போவது சமாளிக்கும் பகுதியைத்தான். ‘பழையது நினைவுக்கு வந்துவிட்டது’, ‘கோபம்’, ‘தூக்கம் வரவில்லை’, ‘மனிதர்களோடு ஒட்டவில்லை’ என்பது போன்ற பட்டியல் வரும். ஒன்றைத் தொட்டால், இப்போது எவ்வளவு வேதனை என்று 0 முதல் 10 வரை ஒரு மானியில் குறிக்கச் சொல்லும். பிறகு ஒரு பயிற்சியைத் தரும். முடித்ததும் மறுபடி குறிக்க வேண்டும். பயிற்சி பிடித்ததா இல்லையா என்றும் சொல்லலாம், பிடித்தவற்றைத் தனியாகச் சேர்த்தும் வைக்கலாம்.

முன்னும் பின்னும் குறிப்பதைப் பலர் வெட்டி வேலை என்று தாண்டிவிடுகிறார்கள். ஆனால் 8 என்று குறித்தது பத்து நிமிடத்தில் 6 ஆனதைக் கண்ணால் பார்ப்பது முக்கியம். பதற்றத்தில் இருக்கும் மனம் ‘இது அடங்கவே அடங்காது’ என்று அடித்துச் சொல்லும். அதற்கு எதிரான சாட்சி அந்த 6 தான். 8 வேதனை 0 ஆகும் என்று எதிர்பார்க்காதீர்கள். இரண்டு புள்ளி இறங்கினாலே பயிற்சி வேலை செய்கிறது.

முதல் வாரம் எதிலிருந்து தொடங்குவது?

முதல் நாள் அறிகுறிக் கேள்வித்தாளை ஒருமுறை நிரப்புங்கள். அது உங்கள் தொடக்கக் கோடு. அன்றைக்கே உதவிப் பகுதிக்குப் போய், நள்ளிரவில் கூப்பிட்டாலும் எடுக்கக்கூடிய இரண்டு அல்லது மூன்று பேரின் எண்களைச் சேர்த்துவிடுங்கள். அமெரிக்கப் பதிப்பில் முன்னதாகவே இருக்கும் எண்கள் அமெரிக்காவுக்கானவை. சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ அவசரத்தில் அதை அழுத்தினால் யாருக்கும் போய்ச் சேராது.

உங்களுக்குப் பிடித்த படங்களையும் பாட்டையும் செயலிக்குள் சேர்க்கலாம். பேரக்குழந்தையின் படம், ஊர்க் குளம், வீட்டு நாய் எதுவானாலும் சரி. நடந்த சம்பவத்தோடு சம்பந்தப்பட்டவர்களின் படம் மட்டும் வேண்டாம். இறந்தவரின் படத்தை அன்பினால் வைத்துவிட்டு, அதைப் பார்த்ததும் நினைவு பொங்கி வருவதாகச் சொல்பவர்கள் உண்டு.

மீதி ஆறு நாளும் மூச்சுப் பயிற்சியையோ தசைத் தளர்த்தலையோ, இரண்டில் ஒன்றை மட்டும், காலை ஐந்து நிமிடம் மாலை ஐந்து நிமிடம். எல்லாவற்றையும் ஒரே நாளில் தொட்டுப் பார்க்க வேண்டாம்.

பதற்றம் உச்சத்தில் இருந்தபோது திறந்தேன். ஒன்றுமே உதவவில்லையே?

எங்களுக்கு அதிகம் வரும் கேள்வி இதுதான். பலரும் இப்படித்தான் தொடங்குகிறார்கள், இரண்டாம் வாரத்தில் செயலியை நீக்கியும் விடுகிறார்கள்.

வேதனை 9, 10-இல் இருக்கும்போது மூளை புதிதாக எதையும் கற்காது. திரையில் உள்ள வரியைப் படிக்கக்கூட முடியாது, விரல் நடுங்கும். ஏற்கெனவே உடம்புக்குப் பழகிய ஒன்றுதான் அந்த நேரத்தில் கைகொடுக்கும். நீச்சல் தெரியாதவரைக் கிணற்றில் தள்ளிவிட்டுக் கையை வீசச் சொன்னால் என்ன ஆகும்? அதனால்தான் மனம் 2, 3-இல் இருக்கும் சாதாரண வேளையில் பழகச் சொல்கிறோம். இரண்டு மூன்று வாரம் பழகிய பிறகு 5, 6-இல் பயன்படுத்திப் பாருங்கள். 9-க்கு அதன் பிறகு.

ஒரு உதாரணம். தீபாவளிக்கு முந்தைய மாலை தெருவில் ஒரு வெடி வெடிக்கிறது. தோள்பட்டை இறுகுகிறது, வாய் உலர்கிறது, கண் வாசல் பக்கம் ஓடுகிறது. அந்த நொடியில் முதலில் செய்ய வேண்டியது போனை எடுப்பது இல்லை. இரண்டு பாதங்களையும் தரையில் அழுத்தி வையுங்கள். தரை குளிர்ச்சியா, சொரசொரப்பா என்று கவனியுங்கள். ‘இது பட்டாசு. இன்றைக்கு இந்தத் தேதி. நான் என் வீட்டுக் கூடத்தில் இருக்கிறேன்’ என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். அரை நிமிடம் போதும். பிறகு செயலியைத் திறந்து, 8 என்று குறித்து, பிடித்தவற்றில் சேர்த்து வைத்த பயிற்சிக்கு நேராகப் போங்கள். பட்டியலில் தேடிக்கொண்டிருந்தால் அதுவே எரிச்சலைக் கூட்டும்.

மூச்சுப் பயிற்சி செய்தால் தலை சுற்றுகிறது, விரல் நுனி மரக்கிறது.

தேவைக்கு மேல் காற்றை இழுக்கிறீர்கள். ‘ஆழமாக மூச்சு விடு’ என்றதும் நெஞ்சு நிறைய வேகமாக இழுப்பது வழக்கம். அப்போது இரத்தத்தில் கரியமில வாயு குறைந்து தலை கிறுகிறுக்கும், விரலும் உதடும் மரக்கும். இந்த உணர்வே பதற்றம் போல இருப்பதால் பயம் இன்னும் கூடும்.

சாதாரண அளவு மூச்சு போதும். மூக்கால் 4 எண்ணும்வரை மெதுவாக உள்ளே, 6 எண்ணும்வரை வெளியே. நிமிடத்துக்குச் சுமார் ஆறு மூச்சு. உள்ளே இழுப்பதைவிட வெளியே விடுவதுதான் நீளமாக இருக்க வேண்டும். ஒரு கையை வயிற்றில் வைத்துக்கொண்டால், நெஞ்சு ஏறுகிறதா வயிறு ஏறுகிறதா என்று தெரியும். அப்படியும் சுற்றினால் மூச்சுப் பயிற்சியை நிறுத்திவிட்டுத் தசைத் தளர்த்தலுக்கு மாறுங்கள். கை, தோள், முகம், வயிறு, கால் என ஒவ்வொன்றாக 5 விநாடி இறுக்கி, 10 முதல் 15 விநாடி தளர விட வேண்டும். பழைய காயமோ முறிவோ உள்ள இடத்தை இறுக்காதீர்கள்.

கண்ணை மூடினாலே காட்சி வருகிறது. அப்போது?

மூடாதீர்கள். ஒலிப்பதிவு சொன்னாலும் சரி. சுவரில் ஒரு புள்ளியைப் பார்த்தபடி செய்யலாம். கண்ணை மூட முடியாதவர்களுக்கு மனக்காட்சிப் பயிற்சிகளைவிட ஐம்புலனைத் தொடும் பயிற்சிகள் பொருந்தும். கண்ணில் படும் ஐந்து பொருள், தொட முடிகிற நான்கு, கேட்கும் மூன்று ஒலி, இரண்டு வாசனை, ஒரு ருசி என்று எண்ணி வருவது ஒரு வழி. பையில் ஒரு ஏலக்காயோ சுக்கு மிட்டாயோ வைத்துக்கொண்டால் கடைசி இரண்டும் சுலபம்.

மதிப்பெண்ணை எத்தனை நாளுக்கு ஒருமுறை பார்ப்பது?

செயலியில் உள்ள கேள்வித்தாளின் பெயர் பி.சி.எல்.-5. மருத்துவர்களும் பயன்படுத்துவது. 20 கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4, மொத்தம் 80. 31 முதல் 33-க்கு மேல் போனால் பி.டி.எஸ்.டி. இருக்க வாய்ப்பு உண்டு என்று எடுத்துக்கொண்டு முழுப் பரிசோதனைக்கு அனுப்புவார்கள். அந்த எண் மட்டுமே நோய் இருக்கிறது என்றோ இல்லை என்றோ முடிவு சொல்லாது.

தினமும் நிரப்பாதீர்கள். தினம் அளந்தால் நேற்றைய தூக்கத்தைத்தான் அளப்பீர்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறையோ மாதம் ஒருமுறையோ, ஒரே கிழமையில், ஒரே நேரத்தில் நிரப்புங்கள். செயலியிலேயே நினைவூட்டல் வைத்துவிடலாம்.

வரைபடம் நேர்கோடாக இறங்காது. ஒருவருக்கு 48, 50, 44, 45, 39, 52, 40 என்று வருகிறது என வைத்துக்கொள்வோம். 52-ஐப் பார்த்து ‘எல்லாம் போச்சு’ என்று தோன்றும். தேதியைப் பாருங்கள். சம்பவம் நடந்த நாள், திதி, நீதிமன்ற வாய்தா, அதே மாதிரிச் செய்தி டிவியில் ஓடிய வாரம் என்று ஏதாவது இருக்கும். அடுத்த முறை 40-க்கு வந்தால் அது அலை, சரிவு இல்லை. மூன்று நான்கு புள்ளி ஏறுவதையும் இறங்குவதையும் பொருட்படுத்த வேண்டாம். பத்துப் புள்ளிக்கு மேல் மாறி, அடுத்த இரண்டு முறையும் அங்கேயே நின்றால்தான் மாற்றம். ஏறி நின்றால் மருத்துவரிடம் காட்ட வேண்டிய நேரம்.

இன்னொன்று: முதல் மாதத்தில் சிலருக்கு எண் கூடுவதுண்டு. இதுவரை கவனிக்காமல் ஒதுக்கி வைத்ததை இப்போது கவனிக்கிறீர்கள், அதுவும் காரணமாக இருக்கலாம்.

ஆறு மாதமாக விடாமல் பயன்படுத்துகிறேன். அந்த நேரத்துக்கு நிம்மதி கிடைக்கிறது, ஆனால் எண் அசையவே இல்லை.

பயம் தரும் இடத்தையும் நினைவையும் தவிர்ப்பதற்குச் செயலியைப் பயன்படுத்துகிறீர்களா என்று பாருங்கள். இதைக் குறையாகச் சொல்லவில்லை. நன்றாகப் பயன்படுத்துபவர்களுக்குத்தான் இது வரும்.

பேருந்து விபத்தில் தப்பியவர் ஒருவர் பஸ் ஏறும்போதெல்லாம் காதில் ஒலிப்பதிவைப் போட்டு, கண்ணைத் திரையில் பதித்து, இறங்கும்வரை நிமிராமல் இருக்கிறார். வேதனை குறைகிறது. ஆனால் அவர் மூளை கற்றது ‘பஸ் பாதுகாப்பானது’ என்பதை அல்ல, ‘செயலி இருந்ததால் பிழைத்தேன்’ என்பதைத்தான். சார்ஜ் தீர்ந்த அன்றைக்கு அவரால் பஸ் ஏற முடியாது. பி.டி.எஸ்.டி.யை நீட்டித்து வைத்திருப்பதே தவிர்ப்புத்தான். அது ஒரு பயிற்சியின் வேஷத்திலும் வரும்.

மாற்றுவது படிப்படியாக. முதலில் பஸ் ஏறும் முன்பு, நிறுத்தத்தில் நிற்கும்போது மட்டும் செயலி. அடுத்த வாரம் இரண்டு நிறுத்தம் போனைப் பைக்குள் வைத்துக்கொண்டு, ஜன்னலைப் பார்த்தபடி. படபடப்பு ஏறும், ஏறட்டும். நடுவில் இறங்கிவிடாமல் உட்கார்ந்திருந்தால் அது தானாகவே இறங்கத் தொடங்கும், பல தடவை செய்தால் ஏறுவதும் குறையும். பிறகு நான்கு நிறுத்தம், பிறகு முழுப் பயணம். உண்மையிலேயே ஆபத்தான இடங்களுக்கும் மனிதர்களுக்கும் இது பொருந்தாது. அடிக்கும் கணவரோடு ஒரே வீட்டில் இருப்பவருக்குத் தேவை பயம் குறைவது அல்ல, பாதுகாப்பு.

சம்பவத்தின் நினைவையே திரும்பத் திரும்ப எதிர்கொள்ளும் சிகிச்சை வேறு. அதைத் தனியாக வீட்டில் செய்யாதீர்கள். அதே அமெரிக்க முன்னாள் படைவீரர் நலத் துறை வெளியிட்ட பி.இ. கோச், சி.பி.டி. கோச் செயலிகளும் சிகிச்சையாளரோடு சேர்ந்து பயன்படுத்துவதற்குத்தான்.

அப்படியானால் செயலி சிகிச்சைக்கு மாற்று இல்லையா?

இல்லை. பி.டி.எஸ்.டி.க்கு நன்கு நிரூபிக்கப்பட்டவை பேச்சு சிகிச்சைகள். பயந்து ஒதுக்கும் நினைவையும் இடத்தையும் படிப்படியாக எதிர்கொள்ள வைக்கும் நீடித்த எதிர்கொள்ளல் சிகிச்சை (பி.இ.) 8 முதல் 15 அமர்வு, சம்பவத்தைப் பற்றிய எண்ணங்களைச் சரிபார்த்து மாற்றும் அறிவுசார் செயலாக்க சிகிச்சை (சி.பி.டி.) சுமார் 12 அமர்வு, அவற்றோடு கண் அசைவைப் பயன்படுத்தும் இ.எம்.டி.ஆர். சிகிச்சையும். பி.டி.எஸ்.டி. கோச் செயலியை அந்த வரிசையில் வைக்க முடியாது. காத்திருக்கும் காலத்திலும், அமர்வுகளுக்கு இடையிலும், சிகிச்சை முடிந்த பிறகும் பக்கத்தில் இருக்கும் துணை அது.

ஆராய்ச்சி சொல்வதும் இதைத்தான். அமெரிக்காவில் 120 பேரை வைத்து நடந்து 2017-இல் வெளிவந்த சோதனையில், மூன்று மாதம் செயலி பயன்படுத்தியவர்கள், செயலி இல்லாமல் காத்திருந்த குழுவைவிடத் தங்கள் தொடக்க நிலையிலிருந்து அதிகம் முன்னேறினார்கள். ஆனால் முடிவில் இரு குழுக்களின் சராசரிக்கும் இடையே உறுதியாகச் சொல்லும்படியான இடைவெளி இல்லை. சுவீடனில் 179 பேரிடம் செய்த சோதனையில் மூன்று மாத முடிவில் செயலிக் குழுவுக்கு அறிகுறி குறைவாக இருந்தது. பலன் உண்டு, ஓரளவு. ஓரளவு என்பதை மறைத்து விற்பவர்களை நம்பாதீர்கள்.

மருத்துவரிடம் இதை எப்படிக் கொண்டுபோவது?

கடைசி மூன்று மாத வரைபடத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்துக் காட்டுங்கள். ஐந்து நிமிடம்தான் கிடைக்கும் புறநோயாளிப் பிரிவில் அது பெரிய உதவி. அதோடு, அதிக மதிப்பெண் வாங்கிய மூன்று கேள்விகள் எவை, எந்தப் பயிற்சி உதவியது, எது உதவவில்லை என்று ஒரு துண்டுத்தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் ஆரம்ப சுகாதார மருத்துவமனைகளில் எட்டு வாரத்தில் நான்கு சந்திப்பு, ஒவ்வொன்றும் 20 முதல் 30 நிமிடம் என்று வைத்து, செயலியைப் பயன்படுத்த ஊழியர் வழிநடத்தும் முறையைச் சோதித்திருக்கிறார்கள். இங்கே உளவியல் ஆலோசகரிடம் அதே மாதிரி ஏற்பாட்டைக் கேட்டுப் பார்க்கலாம்.

ஆங்கிலம் சரளமாக வராது. தமிழில் உண்டா?

அமெரிக்கப் பதிப்பு ஆங்கிலத்திலும் ஸ்பானிஷிலும் இருக்கிறது, தமிழ் இல்லை. வேதனையில் இருப்பவருக்கு ஆங்கில வழிகாட்டல் வேலை செய்யாது என்பது உண்மையான தடை. நடைமுறையில் உதவும் வழி: ஆங்கிலம் தெரிந்த ஒருவரோடு உட்கார்ந்து உங்களுக்குப் பிடித்த இரண்டு பயிற்சிகளை மட்டும் தேர்ந்தெடுங்கள். அதன் வழிகாட்டலைத் தமிழில், நீங்கள் நம்பும் குரலில், போனின் ரெக்கார்டரில் பதிவு செய்துகொள்ளுங்கள். மூச்சுப் பயிற்சிக்கு ஐந்து நிமிடப் பதிவு போதும். மெதுவாக, இடைவெளி விட்டு. 0 முதல் 10 வரையிலான கணக்கை ஒரு நோட்டில் எழுதுங்கள்.

கேள்வித்தாளை மட்டும் மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டு நிரப்பாதீர்கள். அர்த்தம் பிசகினால் எண்ணும் பிசகும்.

இரவு தூக்கம்?

கெட்ட கனவில் விழித்ததும் விளக்கைப் போடுங்கள், பாதத்தைத் தரையில் வையுங்கள், இடத்தையும் தேதியையும் சொல்லுங்கள். சுமார் 20 நிமிடத்தில் தூக்கம் திரும்பாவிட்டால் படுக்கையை விட்டு எழுந்து மங்கிய வெளிச்சத்தில் உட்காருங்கள், கண் சொருகும்போது திரும்பிப் போங்கள். எத்தனை மணிக்குத் தூங்கினாலும் எழும் நேரம் ஒன்றாகவே இருக்கட்டும். செயலியைத் திறந்தால் பிரகாசத்தைக் குறைத்து, ஒலிப்பதிவை ஓடவிட்டு, போனைக் கவிழ்த்து வையுங்கள். இல்லையென்றால் அங்கிருந்து வாட்ஸ்அப்புக்கு ஒரு விரல் தூரம்தான். தூக்கம்தான் முதன்மைப் பிரச்சினை என்றால் இதே துறையின் இன்சோம்னியா கோச் செயலியில் ஐந்து வாரத் திட்டம் இருக்கிறது.

நான் எழுதுவதை வேறு யாராவது பார்ப்பார்களா?

நீங்கள் பதிவது உங்கள் போனிலேயே இருக்கும். அதில் ஒரு வசதியும் உண்டு, ஒரு சிக்கலும் உண்டு. போன் தொலைந்தாலோ செயலியை நீக்கினாலோ மாதக்கணக்கான பதிவு போய்விடும். எனவே மாதம் ஒருமுறை வரைபடத்தைப் படமெடுத்து வையுங்கள். வீட்டில் எல்லோரும் ஒரே போனைப் பயன்படுத்தினால் திரைப் பூட்டு கட்டாயம். பூட்டுவதே சந்தேகத்தைக் கிளப்பும் வீடென்றால் செயலியைவிட நோட்டும் நம்பகமான ஒரு ஆளும் மேல்.

வீட்டில் இருப்பவர்கள் என்ன செய்யலாம்?

‘ஆப் பார்த்தாயா?’ என்று தினமும் கேட்காதீர்கள். பதற்றத்தில் இருப்பவரைப் பின்னாலிருந்து தொடாதீர்கள், முன்னால் வந்து பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். சம்பவம் நடந்த நாள் நெருங்கும்போது அந்த வாரம் கல்யாணம், விருந்து என்று இழுக்காமல் அவரிடம் முன்கூட்டியே கேளுங்கள். குடும்பத்தாருக்கென்றே பி.டி.எஸ்.டி. ஃபேமிலி கோச் என்ற தனிச் செயலியும் உண்டு.

நடுவில் இரண்டு மாதம் விட்டுவிட்டேன். மறுபடி முதலிலிருந்தா?

தேவையில்லை. கேள்வித்தாளை ஒருமுறை நிரப்பி, பழைய எண்ணோடு ஒப்பிட்டுவிட்டு, முன்பு உதவிய ஒரே ஒரு பயிற்சியோடு தொடருங்கள். நன்றாக இருப்பதால் விட்டிருந்தால் அது நல்ல செய்திதான். மாதம் ஒருமுறை அளப்பதை மட்டும் விடாதீர்கள்.

எந்த நேரத்தில் செயலியை மூடிவிட்டு ஆளைக் கூப்பிட வேண்டும்?

சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தால், தன்னையோ பிறரையோ காயப்படுத்தத் தோன்றினால், எங்கே இருக்கிறோம் என்றே தெரியாமல் வெகுநேரம் போய்விட்டால், வேதனையை அடக்கக் குடியும் மாத்திரையும் கூடிக்கொண்டே போனால் உடனே கூப்பிடுங்கள். பயிற்சி செய்து பார்த்துவிட்டு என்று தள்ளிப்போடாதீர்கள்.

இந்தியாவில் அரசின் மனநல உதவி எண்ணான டெலி-மானஸ்: 14416. இலவசம், 24 மணி நேரமும் தமிழில் பேசலாம். இலங்கையில் தேசிய மனநல நிறுவனத்தின் எண் 1926. கனடாவிலும் அமெரிக்காவிலும் 988. பிரிட்டனில் 116 123. ஆஸ்திரேலியாவில் 13 11 14. உங்கள் நாட்டு எண்ணை இப்போதே போனில் ‘அ’ என்ற எழுத்தில் தொடங்கும் பெயரில் சேமியுங்கள். தொடர்புப் பட்டியலில் தேடாமல் கிடைக்கும்.